காரில் பாட்டு நடுவே நிற்க

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவிலுக்கு சுமார் 14 கி.மீ. மாணிக்கவாசகரோடு பிணைந்த ஊர். அந்த வழியில் இளையராஜாவின் 'திருவாசகம்' (2005) போட்டுக் கேளுங்கள். குரல் முன்கண்ணாடிக்கு நேரே, நடுவில் நிற்கிறதா? வலக்கதவிலிருந்து மட்டும் வருகிறதென்றால் டியூனிங் தேவை.

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். ஓட்டுபவருக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்தில், இடது தள்ளி. காதிலிருந்து இரண்டுக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 50 செ.மீ. என்றால், செட்டின் 'டைம் அலைன்மென்ட்' பகுதியில் வலதுக்கு 1.5 மில்லி விநாடி தாமதம் கொடுங்கள். அந்த வசதி இல்லையா? பேலன்ஸைச் சற்றே இடப்பக்கம் தள்ளுங்கள், ஓரளவு சரியாகும்.

தாழ்ந்த ஒலி எங்கும் பரவும். உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேரே பாயும். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரில் 2,000 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே பரவல் குறுகத் தொடங்கிவிடும். கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்குத்தான் பாடுகிறது! அதனால் உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கரை (ட்வீட்டர்) மேலே, டாஷ்போர்டு ஓரத்தில் வையுங்கள். துளை போடுமுன் இருபக்க டேப்பால் ஒட்டி, திசை மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு வேலைக்கு அரைமணி நேரம் செலவழிக்கலாம், தகும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் முன்கண்ணாடியின் ஓரத் தூணைத் தொடவே வேண்டாம்.

பேஸ் சோகையாக இருந்தால் உடனே கூட்டாதீர்கள். ஏதாவதொரு கதவில் பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.