மினி டிராக்டரை வண்டியேற்றி அனுப்பும்போது

வாங்கியவர் களத்தில் இறங்கும்வரை சரக்கு நம்முடையதுதான். உரம், விதை, பம்புசெட் வியாபாரம் செய்துவந்த நம் உறுப்பினர்கள் பலர் இப்போது மினி டிராக்டரும் விற்கிறோம். மூட்டை கட்டி அனுப்பிய பழக்கத்திலேயே டிராக்டரையும் கட்டி அனுப்புகிறோம். தவறு அங்கேதான் ஆரம்பம். மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். டிராக்டர் உருளும், போதாததற்குத் தன் டயரின் மேலேயே குதிக்கவும் செய்யும்.

நம் கடையில் நடந்ததையே சொல்லிவிடுகிறோம். சேலத்திலிருந்து ஆத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ஒரு டிராக்டர் அனுப்பினோம். பின் டயர்களில் நைலான் கயிற்றை நாலு சுற்று சுற்றி, பிரேக்கும் போட்டாயிற்று என்று திருப்தியாக இருந்தோம். வாழப்பாடி தாண்டியதும் மாடு ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். டிராக்டர் முன்னே வந்து கேபினில் மோதியது. பானெட் நசுங்கியது, கேபின் பின்கண்ணாடி டிரைவர் தோளில் கொட்டியது. காயம் பெரிதில்லை என்பது நம் அதிர்ஷ்டம். வாங்கியவர் அந்த டிராக்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேறு கொடுத்தோம்.

இதற்குக் கணக்கு உண்டு. சரக்குக் கட்டும் விதிகளைக் கண்டிப்பாக வைத்திருக்கும் நாடுகளில், கட்டு முன்பக்கமாகச் சரக்கு எடையில் பத்தில் எட்டுப் பங்கையும், பக்கவாட்டில் பாதியையும் தாங்க வேண்டும் என்கிறார்கள். 800 கிலோ டிராக்டர் என்றால் முன்பக்கம் 640 கிலோ. கடையில் கிடந்த பழைய கயிறு இதைத் தாங்குமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

முதலில் வண்டியைத் தேர்ந்தெடுப்போம். 2005-ல் வந்த 'குட்டி யானை' டாடா ஏஸுக்கு அப்போது சொல்லப்பட்ட சுமை 750 கிலோ. 800 கிலோ டிராக்டரோடு ரோட்டவேட்டரும் சேர்ந்தால் எடை ஆயிரத்தைத் தொடும். வாடகையில் மிச்சம் பிடிக்கப்போய் இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. அதிகச் சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். நடுரோட்டில் டிராக்டரை எங்கே இறக்குவது? ஆகவே பெரிய பிக்கப் வண்டியே பிடியுங்கள். எடைமேடைச் சீட்டைப் பில்லோடு வையுங்கள்.

ஏற்றுவதற்கு மண்மேடு இருந்தால் உத்தமம். பலகைதான் என்றால் அதன் நீளம் வண்டித் தளத்தின் உயரத்தைப்போல் நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது. பலகை நழுவாதபடி கொக்கி போட்டு மாட்ட வேண்டும். டிராக்டரின் கனம் பின்பக்கம்தான். நேராக ஏற்றினால் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழும். பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்குவதே முறை. ரோட்டவேட்டரைக் கழற்றித் தனியே கட்டுங்கள். பாதிப் பலகையில் கிளட்சை மிதிக்கவே கூடாது. பக்கத்திலும் யாரும் நிற்கக்கூடாது.

ஏறியபின் கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, நாலு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். இவ்வளவும் துணைதான், பிடிப்பது சங்கிலியோ ராட்செட் பெல்ட்டோதான். நாலு மூலைக்கும் தனித்தனியாக நாலு வேண்டும். முன்னால் உள்ள இரண்டு முன்புறமாகவும், பின்னால் உள்ள இரண்டு பின்புறமாகவும், சாய்வாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஆக்சிலிலோ சேஸிலோ மாட்டுங்கள். ஸ்டியரிங் கம்பி, மட்கார்டு, ஹைட்ராலிக் கை ஆகியவற்றில் மாட்டினால் கட்டு நிற்காது, அந்தப் பாகமும் வளையும். டயர் கொஞ்சம் அமுங்கும்வரை இறுக்குங்கள். பள்ளத்தில் குதிக்கும்போது கட்டு தளராமல் இருக்க அதுதான் வழி.

சிலர் ஜீப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டி அனுப்புகிறார்கள். நடுவில் அச்சுள்ள டிரெய்லரானால், டிரெய்லரும் டிராக்டரும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்குவரை கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். மொத்தம் 1,300 கிலோ என்றால் 130 கிலோவாவது வேண்டும். டிராக்டர் பின்தள்ளி நின்றால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், முன்வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். டிராக்டரை ஓரடி முன்னே நகர்த்தி நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிராக்டர் சீட்டில் பையனை உட்காரவைத்து அனுப்பும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். புறப்பட்டு ஐந்து கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திக் கட்டுகளை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். புதுக்கட்டு முதல் குலுக்கலிலேயே தளரும். டிரைவர் அவசரப்படுவார், அந்தக் கால்மணி நேரத்துக்கும் சேர்த்து வாடகை பேசிவிட்டால் அவரும் முகம் சுளிக்க மாட்டார்.