எடையும் மாதவிடாயும்: பெண்களின் அனுபவம் உணர்த்தும் பாடங்கள்

கொழுப்புத் திசு என்பது மிஞ்சிய உணவைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கொழுப்புச் செல்கள் சுரந்து மூளைக்கு அனுப்பும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்த பின், அத்திசுவும் ஹார்மோன் சுரக்கும் உறுப்பே என்ற புரிதல் வேரூன்றியது. எனவே எடை ஏறினாலும் இறங்கினாலும் மாதவிடாய் தடம் மாறுவது இயல்பே.

எடை கூடும்போது, குறிப்பாக வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது, இன்சுலினுக்குத் திசுக்கள் சரிவர இணங்காததால் கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைப் பெருக்குவதோடு, அந்த ஹார்மோனைப் பிணைத்து அடக்கிவைக்கும் கல்லீரல் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. இதனால் முகத்தில் ரோமமும் பருவும் தோன்றுவதுடன் கருமுட்டை வெளியேறுவதும் தடைப்படுகிறது. பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறு உள்ளவர்களிடம் இவை இன்னும் கடுமையாகின்றன. கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஆனால் கொழுப்புத் திசு ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருப்பதால், கருப்பையின் உட்சுவர் தடித்து, தள்ளிப்போன மாதவிடாய் பெரும்போக்காக வெளிப்படுவதுண்டு. பிடரியில் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கருக்கும் தோலைப் பல வீடுகளில் அழுக்கு என்றெண்ணிக் கடலைமாவிட்டுத் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அது இன்சுலின் மிகுதியின் அடையாளமே என்பதால் தேய்ப்பதால் போவதில்லை.

மறுபுறம், உணவைக் கடுமையாகக் குறைக்கும் பெண்களிடமும் ஓயாது பயிற்சி செய்யும் விளையாட்டு வீராங்கனைகளிடமும் லெப்டின் சரிவதால், கருவுறுதலுக்கேற்ற ஆற்றல் உடலில் இல்லை என்று மூளையின் ஹைப்போதலாமஸ் உணர்ந்து சினைப்பைக்கான கட்டளையை நிறுத்துகிறது. மாதவிடாய் நின்றது தொல்லை விட்டது என்று இதைக் கருதலாகாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் நலிகிறது.

இத்தகைய பெண்களின் அனுபவங்களிலிருந்து சில வழிகள் தெளிவாகின்றன. பருமனும் பிசிஓஎஸ்ஸும் உடையவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது என்பதால், 80 கிலோ எடையுள்ள பெண் 4 கிலோ குறைப்பதையே முதல் இலக்காக வைத்துக்கொள்ளலாம். பட்டினி கிடப்பதைவிட, சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவதும், நடையோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிகளைச் சேர்ப்பதும் நிலைத்த பலன் தருகின்றன. எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்து வர வேண்டும். இந்தியப் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது எச்சரிக்கை. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்து மருத்துவரை அணுக வேண்டும். மெலிந்தவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் எடை சரியாக இருக்கிறதே என்று வாளாவிருக்கலாகாது.

வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள் என்று வீட்டார் சொல்லும் ஒரு சொல், ஹார்மோன்களோடு போராடும் பெண்ணை மருத்துவரிடமிருந்தே விலக்கிவிடுகிறது. எடைமுள் சிறிதே நகர்ந்த நிலையிலும் மாதவிடாய் தேதி ஒழுங்குக்குத் திரும்பக்கூடும். நாட்காட்டியில் அவள் குறித்துவைக்கும் அந்தத் தேதியே பழிச்சொல்லைவிட உண்மையான அளவுகோல்.