ஆட்டம் ஒன்று, பேச்சுப் பல

கணினி ஆட்டங்களை ஆடுவது ஒரு பொழுதுபோக்கு. பிறர் ஆடுவதைக் காண்பது இக்காலத்தில் அதனினும் பெரிய பொழுதுபோக்கு. ஆடுபவர் தம் திரையை அப்படியே படமாக்கி, தாம் செய்வதை விளக்கியும் நகைத்தும் புலம்பியும் பேசிக்கொண்டே இணையத்தின் வழியாக உலகிற்குக் காட்டுகின்றார். சுவீடன் நாட்டில் உருவான மைன்கிராப்ட் என்னும் ஆட்டத்தில் அடுக்கப்படும் கட்டைகள் சியோல் நகரிலும் லிஸ்பன் நகரிலும் ஒன்றே. ஆயின் அவற்றை அடுக்குவோரின் பேச்சு நாட்டிற்கு நாடு வேறு. அப்பேச்சைக் கேட்டுச் சிரிப்போரின் சிரிப்பும் வேறு.

சிரிப்பும் வேறுபடுமோ என்று ஐயுறலாம். எழுத்தில் அது பெரிதும் வேறுபடுகின்றது. தாய்லாந்து மொழியில் ஐந்து என்னும் எண்ணின் பெயர் 'ஹா' என்பதாகும். ஆதலின் அந்நாட்டுப் பார்வையாளர் சிரிக்கும்போது 555 என்று எழுதுவர். ஜப்பானியர், சிரிப்பைக் குறிக்கும் 'வராய்' என்னும் சொல்லின் முதலொலியை உரோமன் எழுத்தில், அஃதாவது டபிள்யூ எனப்படும் எழுத்தில், வரிசையாக எழுதினர். அவ்வரிசை தரையில் முளைத்த புல்லைப் போலத் தோன்றவே, புல் எனப் பொருள்படும் 'குசா' என்னும் சொல்லே சிரிப்பைக் குறிக்கலாயிற்று. சீனர் ஆட்டத் திறமையைப் பாராட்ட 666 என்று எழுதுவர். ஆறு என்னும் எண்ணின் ஒலி, அவர்கள் மொழியில் திறமையைக் குறிக்கும் ஒரு சொல்லின் ஒலியை ஒத்தது. இவற்றை அறியாத அயலார் ஒருவர் இடையே புகுந்தால், கணக்கு வகுப்பிற்குள் தவறி வந்துவிட்டோமோ என்று மயங்குவார்.

ஜப்பானில் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் நிக்கோநிக்கோ என்னும் காணொளித் தளம் தொடங்கப்பெற்றது. பார்வையாளர் எழுதும் கருத்து அங்குப் படத்தின் அடியில் தனியே நில்லாது, படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். கருத்தை எழுதியவர் எந்த நொடியில் எழுதினாரோ, காணொளியின் அதே நொடியில் அது பின்வருவோர்க்கும் தோன்றும். எனவே, ஒருவர் இரவில் தனியே அமர்ந்து பார்த்தாலும், பல ஆண்டுகளுக்கு முன் பார்த்தவர்கள் அருகிலிருந்து ஆரவாரம் செய்வது போன்ற உணர்வைப் பெறுகின்றார். திரையை மறைக்குமளவு எழுத்துகள் திரண்டு ஓடுவதற்கு 'தன்மாக்கு' என்று பெயர். குண்டுத்திரை என்பது அதன் பொருள். சுடும் ஆட்டங்களில் திரை முழுதும் குண்டுகள் நிறைவதிலிருந்து அப்பெயர் வந்தது. ஒற்றை எழுத்தே ஒரு சொல்லாக நிற்கவல்ல சீன எழுத்துகள் அம்மொழியில் கலந்திருப்பதும் இம்முறை சிறக்கத் துணைசெய்தது எனலாம். நீண்ட சொற்களையுடைய தமிழில் இம்முறை வந்திருப்பின், நான்கு பேர் எழுதிய அளவிலேயே ஆட்டம் மறைந்து போயிருக்கும். இம்முறையைச் சீனாவின் பிலிபிலி போன்ற தளங்களும் மேற்கொண்டன.

கொரியாவில் ஆட்டம் காணும் பழக்கம் தொலைக்காட்சிக் காலத்திலேயே வேரூன்றியது. 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராப்ட் என்னும் அமெரிக்க ஆட்டம், பி.சி. பாங் எனப்படும் கணினிக் கூடங்களின் வழியே தென்கொரியா முழுதும் பரவியது. 2000ஆம் ஆண்டில் ஆட்டங்களுக்கெனவே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை அங்குத் தோன்றியது. 2006இல் வந்த அப்பிரீக்கா என்னும் உள்நாட்டு நேரலைத் தளம், பார்வையாளர் காசு கொடுத்து வாங்கி ஆட்டக்காரருக்கு அளிக்கும் 'விண்மீன் பலூன்' முறையைப் பரப்பியது. பின்னர் டுவிட்ச் என்னும் அமெரிக்கத் தளமும் அங்குக் காலூன்றியது. ஆனால், அதன் தலைவர் கூறியபடி, பிற நாடுகள் பெரும்பாலானவற்றைக் காட்டிலும் பத்து மடங்கு இணைப்புக் கட்டணம் கொரியாவில் செலுத்த வேண்டியிருந்தது. அந்நிறுவனம் 2022இல் அங்குப் படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்த்தது; அதுவும் போதாமல் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் கொரியாவிலிருந்தே விலகியது. ஆட்டக்காரரும் பார்வையாளரும் உள்நாட்டுத் தளங்களுக்குக் குடிபெயர்ந்தனர். எல்லையற்றது எனப்படும் இணையத்திலும் சுங்கச்சாவடி உண்டு என்பதை அவர்கள் நேரிற் கண்டனர்.

சுவீடன் இளைஞர் பெலிக்ஸ் ஷெல்பெர்க் வேறு வழியை மேற்கொண்டார். தாய்மொழியில் பேசியிருப்பின் அவருக்குக் கிடைக்கக்கூடிய கேட்போர் ஏறத்தாழ 1 கோடி மக்களே. அவர் ஆங்கிலத்தில் பேசினார். 2010இல் பியூடிபை என்னும் பெயரில் யூடியூபில் தொடங்கிய அவருடைய ஆட்டக் காணொளிகள், 2013இல் அத்தளத்திலேயே மிகுதியான உறுப்பினரைப் பெற்றன. 2018இல் அவ்விடத்தைக் கைப்பற்ற நெருங்கியது இந்தியாவின் டி-சீரிஸ் என்னும் இசை நிறுவனம். 2016இல் இந்தியாவில் கைப்பேசி இணையக் கட்டணம் மிகவும் குறைந்ததால் பெருகிய பார்வையாளரே அதன் வலிமை. தனி மனிதர் ஒருவருக்கும் நிறுவனத்திற்கும் இடையே எழுந்த இப்போட்டி விரைவில் நாட்டுப் போட்டியாயிற்று. ஷெல்பெர்க் வேடிக்கையாக வெளியிட்ட பாடல்கள் இந்தியரை எள்ளின. அவரைப் பின்பற்றுவோர் பலர் கருத்துப் பகுதிகளில் இந்தியரை இழிவாக எழுதினர். அவரோ 2018 டிசம்பரில் இந்தியக் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் அறநிலையம் ஒன்றிற்கு நேரலையில் நிதி திரட்டித் தந்தார். எனினும் மூட்டிய தீ அதனால் அணையவில்லை.

2019 மார்ச் 15ஆம் நாள், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பள்ளிவாசல்களில் 51 பேரின் உயிரைப் பறித்த கொலையாளி, துப்பாக்கியை எடுக்குமுன் பியூடிபைக்கு உறுப்பினராகுமாறு கூறினான். விளையாட்டாகப் பிறந்த முழக்கம் சென்றடைந்த இடம் அது. கொலையாளி தம் பெயரைக் கூறியது தமக்கு அருவருப்பை அளிப்பதாக ஷெல்பெர்க் அன்றே அறிவித்தார். ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம் அவருடைய இரு பாடல்களை இந்தியாவில் தடுக்குமாறு ஆணையிட்டது. அதே மாத இறுதியில் அவரே அம்முழக்கத்தை நிறுத்துமாறு வேண்டிக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர்தம் உறுப்பினர் தொகை 10 கோடியைத் தொட்டது. அது சுவீடன் மக்கள்தொகையைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் முதலிடம் டி-சீரிஸ் நிறுவனத்திடம் சென்றுவிட்டது.

போர்ச்சுகல் நாட்டின் கவலையோ வேறு வகைப்பட்டது. போர்ச்சுகீசியம் அந்நாட்டின் மொழி. பிரேசிலின் மொழியும் அதுவே. ஆனால் போர்ச்சுகலில் வாழ்வோர் ஏறத்தாழ 1 கோடியினர். பிரேசிலில் வாழ்வோர் 20 கோடிக்கும் மேற்பட்டோர். ஆதலின் அம்மொழியில் வெளிவரும் ஆட்டக் காணொளிகளிலும் குழந்தைகளுக்கான பிற காணொளிகளிலும் பெரும்பாலானவை பிரேசிலில் எடுக்கப்படுபவை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டினுள் அடைபட்ட போர்ச்சுகல் குழந்தைகள் அவற்றையே கண்டனர். 2021 நவம்பரில் லிஸ்பன் நாளிதழ் ஒன்று, நாட்டுக் குழந்தைகள் சிலர் பிரேசிலியரைப் போலப் பேசுகின்றனர் என்று எழுதிற்று. புல்தரையை அவர்கள் 'ரெல்வா' என்னாது 'கிராமா' என்றனர்; பேருந்தை 'அவுத்தோகாரு' என்னாது 'ஓனிபுஸ்' என்றனர்.

பெற்றோர் சிலர் அஞ்சினர். காணொளிகளைத் தடுத்தோரும் உளர். போர்ச்சுகலில் குடியேறி வாழும் பிரேசிலியரோ, தம் பேச்சை ஒரு நோய்போல் கருதுவது இழிவு என்று வருந்தினர். போர்ச்சுகீசிய மொழி நாடுகள் 1990இல் லிஸ்பனில் ஓர் உடன்படிக்கை செய்து, எழுத்துக்கூட்டலைப் பெரும்பாலும் ஒன்றாக்க முயன்றன. புல்தரைக்கு உரிய சொல் எது என்பதைப் பற்றி அவ்வுடன்படிக்கையில் ஏதும் கூறப்படவில்லை.