வதந்திக்கும் கல்லுக்கும் நடுவில்

அன்புள்ள இளம் சமூகப் பணியாளருக்கு,

பெங்களூரு ஆடுகோடியில் நீங்கள் எடுக்கப்போகும் முதல் பயிற்சி வகுப்பை, ‘சமூக வன்முறை என்றால் என்ன?’ என்று பலகையில் எழுதித் தொடங்காதீர்கள். எதிரே உட்காரப்போகிறவர்களுக்கு அது தெரியும். நகர ஆயுதப்படைக் குடியிருப்பிலிருந்து வரும் கான்ஸ்டபிளுக்குத் தெரியும். பஸ் எரிகிற நாளில் பயணிகளை இறக்கிவிட்டு ஓடிய கண்டக்டருக்குத் தெரியும். ராத்திரி கேஷுவாலிட்டியில் நிற்கும் நர்ஸுக்கும், வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளருக்கும் உங்களைவிட நன்றாகவே தெரியும். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. அன்றைக்கு முதல் செய்தி உங்கள் காதுக்கு எப்போது வந்தது? அதிலிருந்து முதல் கல் விழ எவ்வளவு நேரம் ஆயிற்று? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அந்த நேரத்தைக் கையாளக் கற்றுக்கொடுப்பதுதான் உங்கள் வேலையின் மையம்.

பெங்களூரு கண்ட வன்முறைகளில் சிலவற்றின் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது 1991 ஜூன் 25. மத்திய அரசு அதை அரசிதழில் வெளியிட்டது டிசம்பர் 11. அடுத்த இரண்டு நாள்களில் நகரத்தின் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போயின. உத்தரவுக்கும் தாக்குதலுக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் தண்ணீர் திறக்கச் சொன்னது செப்டம்பர் 5ஆம் தேதி. கே.பி.என். நிறுவனத்தின் பேருந்துகள் மைசூர் சாலைப் பக்கம் நின்ற இடத்திலேயே கொளுத்தப்பட்டது 12ஆம் தேதி. 40க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது; 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு வந்தது. இடையில் இருந்த ஒரு வாரத்தில், இரு மாநிலத்திலும் யாரையோ யாரோ அடிக்கும் காணொளிகள் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருந்தன. நீதிமன்றத் தேதி, தேர்தல் தேதி, ஊர்வலத் தேதி ஆகிய மூன்றும் எழுதிய நாள்காட்டி ஒன்று உங்கள் வகுப்பின் சுவரில் கட்டாயம் தொங்க வேண்டும்.

தேதி தெரியாதவை வேறு விதம். 2012 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு கல்கூட விழவில்லை என்று சொல்லும்படியான ஒரு பேரச்சம் நிகழ்ந்தது. அசாமின் கோக்ரஜாரில் நடந்த மோதலுக்குப் பழிவாங்க, ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவியது. செக்யூரிட்டி காவலர்கள், அழகு நிலையப் பெண்கள், மாணவர்கள் எல்லாரும் சம்பளத்தைக்கூட வாங்காமல் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களை மத்திய அரசு 15 நாளுக்குக் கட்டுப்படுத்தியது. அமைச்சர்களும் அதிகாரிகளும் நேரில் வந்து ‘பயப்படாதீர்கள்’ என்றபோதும் கூட்டம் குறையவில்லை. ஏன் என்று உங்கள் வகுப்பில் கேளுங்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: அந்தப் பிள்ளைகளுக்கு இந்த நகரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு போலீஸ்காரரும் இல்லை. முன்பின் பார்த்திராத அதிகாரியின் உறுதிமொழியைவிட, ஊரிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்ட அம்மாவின் குரல் அவர்களுக்குப் பெரிது. அவர்களுடைய மொழி தெரிந்த, அவர்கள் வாடகைக்கு இருக்கும் தெரு தெரிந்த நாலு பேரை முன்பே நகரம் சம்பாதித்து வைத்திருக்கவில்லை.

2018இல் இடைவெளி நிமிடக்கணக்காகச் சுருங்கிவிட்டது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி முதலில் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களைச் சுற்றியது. மே 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டே வாரம். மே 23ஆம் தேதி, பெங்களூரு சாமராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞரைக் கட்டி இழுத்து அடித்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். அந்த ஜூலை 17ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் எஸ்.பி. தகுதிக்குக் குறையாத ஒருவரைப் பொறுப்பதிகாரியாக நியமிக்கச் சொன்னது. தீர்ப்பு தேவையானதே. ஆனால் எஸ்.பி. வந்து சேர்வதற்குள் தெருவில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே பயிற்சியை வாக்கியங்களாகச் சுருக்குங்கள். இப்படி ஒரு ஒத்திகை வையுங்கள்: இரவு எட்டு மணி, பள்ளிக்கூடச் சந்து, போர்வை விற்கும் இந்திக்காரர் ஒருவரைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறார்கள், ஆறாவது ஆள் போனை உயர்த்திப் படம் எடுக்கிறான். அங்கே வரும் ஆஷா பணியாளரின் முதல் வாக்கியம் என்ன? பெட்டிக்கடைக்காரரின் முதல் வாக்கியம் என்ன? “போலீஸ் வர்ற வரைக்கும் இவர் கடைக்குள்ள உட்காரட்டும்” என்று சொல்லி, ஆளை உள்ளே ஏற்றி, ஷட்டரைப் பாதி இறக்குவது ஒரு வழி. கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தனியே இழுத்துப் பேசுவது இன்னொன்று. தனியாக வந்த பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிற்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் பத்தடி தள்ளி நின்று 112க்குப் போன் போட்டு, இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வையுங்கள். கூச்சப்படுவார்கள், சிரிப்பார்கள். விடாதீர்கள். பயம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழகிய வாக்கியம்தான் அப்போது வெளியே வரும்.

காவலர்களுக்கான அமர்வில் பிவண்டியைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. மும்பைக்குப் பக்கத்து விசைத்தறி நகரம். 1970இலும் 1984இலும் இந்து–முஸ்லிம் கலவரத்தில் ரத்தம் சிந்திய ஊர். 1988இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்படே, மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். இரு சமயத்தவரும் உட்கார்ந்தார்கள். அந்தந்தப் பகுதியில் ரோந்து போகும் கீழ்மட்டக் காவலர்களே அவற்றை நடத்தும் பொறுப்பில் இருந்தார்கள். பேசியது மத நல்லிணக்கத்தை அல்ல, பெரும்பாலும் குழாயடிச் சண்டையையும் கடன் தகராறையும்தான். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் மும்பையில் இரண்டு அலையாக நடந்த கலவரத்தில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. பிவண்டி அமைதியாக இருந்தது. அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் வெளியிட்ட நூலில் இதை முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டார்: இரு சமூகத்தாரும் தினசரி வேலையில் பின்னிக்கிடக்கும் ஊரில் வதந்திக்குக் கால் முளைப்பது கடினம். உங்கள் வகுப்புக்கு வரும் கான்ஸ்டபிளுக்கு இந்தக் கதை வேண்டும். லத்தியும் கேடயமும் பிடிக்கப் பழகியவரிடம், ‘நீயே இதன் தலைவன்’ என்று ஒரு உயரதிகாரி நம்பிச் சொன்ன கதை அது.

கோப்படே மாற்றலாகிப் போனபின் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நல்ல அதிகாரியின் ஆர்வத்தில் பிறப்பது அவரோடு போய்விடக்கூடும்; அதனால்தான் அதைப் பயிற்சியாக, பதவியோடு ஒட்டிய கடமையாக மாற்ற வேண்டியிருக்கிறது.

2020 ஆகஸ்ட் 11 இரவு நமக்கு இன்னும் அருகில் நடந்தது. முஸ்லிம்களைப் புண்படுத்திய ஒரு ஃபேஸ்புக் பதிவைப் பற்றிப் புகார் கொடுக்க டி.ஜே. ஹள்ளி காவல் நிலையத்தின் முன் கூட்டம் சேர்ந்தது. வழக்குப் பதியத் தாமதிக்கிறார்கள் என்ற கோபம் பரவியதாக அப்போதைய செய்திகள் கூறின. அன்றிரவே காவல் நிலையம் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன, அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினரின் வீடு சூறையாடப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அதே இரவில் அதே வட்டாரத்தில் முஸ்லிம் இளைஞர்கள் கைகோத்து ஓர் அனுமன் கோயிலைச் சுற்றி நின்றார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். புகார் எழுதும் மேசையில் இருப்பவர் வந்தவரிடம் எத்தனை நிமிடத்துக்கொருமுறை என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது ஒரு பயிற்சி. கைகோத்து நின்ற மாதிரியான இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அடுத்த வகுப்பில் பேச வைப்பது உங்களுக்கான பயிற்சி.

அமெரிக்காவின் சிகாகோவைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவில் தொற்றுநோய்ப் பணி செய்து திரும்பிய மருத்துவர் கேரி ஸ்லட்கின், துப்பாக்கிக் கொலைகளும் தொற்றுப்போலவே பரவுகின்றன என்று கண்டு, 2000இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பழைய கும்பல்காரர்களே பழிவாங்கலைத் தடுக்கும் ஊழியர்களானார்கள். அருமையான யோசனை. ஆனால் அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவரத் துடிக்காதீர்கள். இங்கே ரவுடி ஷீட்டில் பெயர் உள்ளவர் நல்லது செய்யப் போனாலும் போலீசும் ஊரும் அவரை வேறு கணக்கில்தான் பார்க்கும். இங்கே அந்த இடத்தில் இருப்பவர்கள் ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர், மசூதிக் கமிட்டிக்காரர், மாதா கோயில் இளைஞர் குழு, கன்னட அமைப்பின் பகுதிப் பொறுப்பாளர், சுய உதவிக் குழுவின் அக்கா.

மருத்துவமனைக்காரர்களுக்கு கார்டிஃபைச் சொல்லுங்கள். வேல்ஸ் நாட்டு அந்த நகரத்தில் முக அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட், அடிபட்டு வருபவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கில் வருவதே இல்லை என்று கண்டார். பெயரை நீக்கிவிட்டு, எந்த இடம், எந்த நேரம், எதனால் அடி என்பதை மட்டும் வரவேற்பு மேசையில் குறித்து நகர நிர்வாகத்தோடு பகிர்ந்தார்கள். ஒப்பிடத்தக்க மற்ற நகரங்களைவிட வன்முறைக் காயங்கள் அங்கே குறைந்தன என்று 2011இல் ஆய்வு வந்தது. நம் ஊரில் போலீசுக்குத் தகவல் போகும் எம்.எல்.சி. பதிவு போட்டால் கேஸாகிவிடுமே என்று பயந்து, ‘படியில் விழுந்தேன்’ என்பவர்கள் எத்தனையோ பேர். அந்த நர்ஸிடம் கேளுங்கள். எந்தத் தெருவின் படியில் அதிகம் பேர் விழுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு, நடந்து முடிந்த மறுநாள். இதற்கு நீங்கள் தூரம் போக வேண்டாம். ஓசூர் சாலையில் நடந்துபோகும் தூரத்தில் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது. நிபுணர்கள் போதாத நாட்டில் நிபுணரல்லாதவரைப் பழக்குவது அந்த நிறுவனத்தின் பழைய வழக்கம். 1970களிலேயே பன்னேர்கட்டா சாலைப் பக்கம் சகலவாராவில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநலம் கற்றுக்கொடுத்தார்கள். 1980களில் அதுவே பெல்லாரி மாவட்டத் திட்டமாக விரிந்தது. 2002 குஜராத் கலவரத்துக்குப் பின் கே. சேகர் உள்ளிட்ட குழுவினர், முகாம்களில் வேலை செய்யும் சாதாரணத் தொண்டர்களுக்காகவே கையேடுகள் எழுதினார்கள். பெண்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து, நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தால் மனச்சுமை இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே அமர்வில் அப்படிக் கட்டாயமாகப் பேச வைப்பது பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் மறுஆய்வுகள் காட்டிய முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பது எளிமையானது: பார், கேள், இணை. தண்ணீர் கொடு, ரேஷன் கார்டு எரிந்ததா என்று கேள், பிரிந்துபோன பிள்ளை எங்கே என்று தேடு. யாழ்ப்பாணத்தில் போர் நடுவே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை இன்னும் ஆழமாகச் சொன்னார்: காயப்படுவது தனிமனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே காயப்படுகின்றன. ஆகவே ஆசிரியரையும் கிராம சேவகரையும் பாரம்பரிய வைத்தியரையும்கூட அவர் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். 1998இல் வந்த அவருடைய ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ நூல் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

ஊர் ஆற எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அல்சூர் ஏரிக்கரையைப் பாருங்கள். 1991இல் நிறுவிய வள்ளுவர் சிலை எதிர்ப்பு காரணமாக 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. உங்களுக்கு நிதி தருபவர்கள் ஆறு மாதத்தில் விளைவைக் கேட்கும்போது இந்தத் தேதிகளைக் காட்டுங்கள்.

ஆசிரியர்களை விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளி மாணவர்களே. அதன் பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது; சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுப்பதிலிருந்து, பள்ளி நல அலுவலரை நியமிப்பதுவரை அதில் பரிந்துரைகள் உண்டு. அந்த மாணவன் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமலே இருந்த நாள்கள் உண்டு. வருகைப் பதிவேட்டில் விழும் அந்த இடைவெளியைப் பார்த்து வீட்டுக்குப் போய் ‘ஏன்’ என்று கேட்பதுதான் ஆசிரியருக்கான பயிற்சி.

வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்ததோடு கணக்கை மூடிவிடாதீர்கள். கலந்துகொண்ட ஒவ்வொருவர் போனிலும் பகுதிக் காவல் நிலையத்தின் எண்ணும், நிம்ஹான்ஸைத் தலைமை மையமாகக் கொண்ட டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416உம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; அங்கேயே ஒருமுறை கூப்பிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள்களை அதே அறைக்கு அழையுங்கள். இந்த இடைவெளியில் வந்த வதந்திகள் என்ன, யார் யாரைக் கூப்பிட்டார்கள், யார் போனை எடுக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். கான்ஸ்டபிள்களிடம் மட்டும் தனியாக, அவர்கள் அதிகாரி இல்லாத நேரத்தில், தூக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள். அடுத்த அணிக்கான பாடத்தை அந்தத் தாள்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.