பழைய பிக்கப் வண்டியின் முன்பட்டைகளைச் சமன் செய்தல்

வாணியம்பாடிச் சுற்றுவட்டாரத்தில் கட்டை வண்டி செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இன்று பிக்கப் வண்டி ஏற்றுக்கொண்டுவிட்டது. தேங்காயும் நெல்லும் சந்தைக்குப் போவதும், மலையடிவாரத்துப் புளி ஊருக்குள் வருவதும், உப்பிட்ட பச்சைத்தோல் தொழிற்சாலைக்குச் சேர்வதும், ஊராட்சியின் குப்பை அகற்றப்படுவதும் பெரும்பாலும் இவ்வண்டியால்தான். புதியது வாங்க இயலாதோர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டியையே வாங்குகின்றனர். அத்தகைய வண்டி முன்பக்கம் தணிந்தோ ஒருபுறம் சாய்ந்தோ நிற்பதை யாவரும் கண்டிருப்பர். அதைச் சீர்செய்யும் முறையை, வண்டி வைத்திருக்கும் உழவரும், பழுதுச் செலவுக்கு ஒப்புதல் தரும் ஊராட்சி உறுப்பினரும் அறிந்திருத்தல் வேண்டுமெனக் கருதி இப்பாடத்தை எழுதுகிறோம்.

நம் நாட்டுப் பிக்கப் வண்டிகள் பலவற்றிற்கு மூதாதை ஜீப் வண்டியே. மகேந்திரா நிறுவனத்தார் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கு விற்கத் தொடங்கினர். 1952 அக்டோபர் 2 ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், வட்டார வளர்ச்சி அலுவலர் வருகிறார் என்பதைக் கிராமத்தார் ஜீப்பின் ஒலியைக் கொண்டே அறிந்தனர். அந்த ஜீப்பின் முன்னச்சு இருபுறமும் பட்டைவில்லோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதன் வழிவந்த பிக்கப் வண்டிகள் பலவற்றிலும் அவ்வமைப்பே உள்ளது. எனவே முதலில் பட்டைவில்லைப் பற்றி அறிவோம்.

நீளம் குறைந்துகொண்டே வரும் எஃகுப் பட்டைகள் சில ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் சென்டர் போல்ட்டினால் கோக்கப்பட்டிருக்கும். மேலேயுள்ள நீண்ட பட்டையை மெயின் பட்டை என்பர். அதன் இருமுனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டு, உள்ளே புஷ் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு முனை சட்டத்தில் நேராக மாட்டப்படும். மறுமுனை ஷேக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறும்போது வளைவு விரிந்து பட்டை நீள்வதால் அவ்விணைப்பு இன்றியமையாதது. அடுக்கு முழுவதையும் அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். ஷாக் அப்சார்பர் இப்பாரத்தைத் தாங்குவதன்று. ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. முன்பக்கம் தணிந்ததென்று புது ஷாக் அப்சார்பர் வாங்கிப் பொருத்துவோர் பணத்தை வீணாக்குகின்றனர்.

இந்த எஃகு உழவர்க்குப் புதியதன்று. ஊர்க்கொல்லர் அடித்துத் தரும் அரிவாள்களில் பல, கழித்த லாரிப் பட்டையிலிருந்து வந்தவையே. கொல்லர் அதைச் சிவக்கக் காய்ச்சியதும் பட்டையின் பழைய பதம் போய்விடும். பின்னர்த் தோய்த்து அரிவாளுக்கு வேண்டிய பதத்தை அவர் ஏற்றுகிறார். இதை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு கேடும் உண்டு. பச்சைத்தோலின் எடையில் ஏறத்தாழப் பாதியளவு உப்பு அதைக் காக்க இடப்படுகிறது. தோல் ஏற்றிய வண்டியின் தளத்திலிருந்து ஒழுகும் உப்புநீர் பட்டைகளின் இடுக்கில் புகுந்து தங்குகிறது. துரு பட்டையை அரிப்பதோடு, அதன் மேற்பரப்பில் நுண்ணிய குழிகளையும் உண்டாக்குகிறது. மேலும் கீழும் ஓயாது வளையும் எஃகு, அத்தகைய குழியிலிருந்தே வெடிக்கத் தொடங்கும். ஆகவே தோல் பாரம் இறக்கிய அன்றே வண்டியின் அடிப்புறத்தை நல்ல நீரால் கழுவுதல் வேண்டும். இதற்குச் செலவில்லை, ஆனால் செய்வோர் மிகச் சிலர்.

இனி, சமன் செய்தல் என்னும் சொல்லால் மக்கள் இருவேறு செயல்களைக் குறிப்பதைக் காண்கிறோம். இடமும் வலமும் உயரம் வேறுபட்டு வண்டி சாய்வது ஒன்று. இது பெரும்பாலும் பழுதே. வெறும் வண்டியின் பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் நிற்பது மற்றொன்று. இது பெரும்பாலும் பழுதன்று. பின்னே பாரம் ஏறினால் பின்பக்கம் தணிந்து வண்டி மட்டமாக வரவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்துள்ளனர். தோற்றத்திற்காக முன்பக்கத்தைப் பின்பக்கத்தோடு ஒப்ப உயர்த்தினால், பாரம் ஏறியபின் வண்டி மூக்கை நிமிர்த்தி நிற்கும். முகப்பு விளக்கின் ஒளி சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் எதிரே வருவோர் கண்ணைப் பறிக்கும். ஜீப் வகையில் ஷேக்கிள் முன்பட்டையின் முன்முனையில் இருப்பதால், நீண்ட ஷேக்கிள் போட்டு உயர்த்தினால் சக்கரத்தின் சாய்கோணம் குறைந்து, வளைவு கடந்தபின் ஸ்டியரிங் தானே நேருக்கு வரத் தயங்கும். இளைஞர் சிலர் இதை அழகெனக் கருதுகின்றனர். நாம் இதற்கு உடன்படுவதில்லை. வண்டியைத் தயாரித்தோரின் அளவினின்று மாற்றுவதற்கு 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவும் தடை விதிக்கிறது.

பழுது உண்டா என்பதைக் கண்ணால் முடிவு செய்யலாகாது. அளந்தே அறிதல் வேண்டும். கிராமத்து நெற்களம் இதற்கு ஏற்ற இடம். வண்டியில் பாரம் இருத்தலாகாது. டயர்களில் காற்று குறித்த அளவில் இருத்தல் வேண்டும். சில அடி உருட்டி நிறுத்தி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விடுக. பின்னர் ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுக்குமிழிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளந்து எழுதுக. தரையிலிருந்து அளந்தால் டயர்த் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். மழைநீர் வடிவதற்காகக் களம் சற்றுச் சரிவாகவே இருக்கும். ஆதலால் வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் எதிர்முகமாக நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும். தாழ்ந்த பக்கம் மாறிவிட்டால் குறை களத்தினுடையது, மாறாவிட்டால் வண்டியினுடையது. இருபக்க வேறுபாடு அரை அங்குலத்திற்குள் இருப்பின் கைவைக்க வேண்டுவதில்லை. ஓட்டுநர் எப்போதும் வலப்பக்கம் அமர்வதால் அப்பக்கம் சிறிது தணிவது இயல்பே.

வேறுபாடு மிகுதியாயின், குறை முன்பட்டையிலா பின்பட்டையிலா என்பதை அடுத்துக் காணவேண்டும். பின்வில்லில் ஒரு பட்டை ஒடிந்திருந்தாலும் முன்பக்கம் சாய்ந்து தோன்றும். இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பின்சக்கரங்களுக்கு அணைகட்டை வைத்து, முன்புறக் குறுக்குச் சட்டத்தின் நடுமையத்தில் ஜாக்கியை வைத்து, முன்வில்களின் பாரம் நீங்கும்வரை மெல்ல உயர்த்துக. அப்போது சட்டம் மட்டமாக வந்தால் பழுது முன்வில்லில். சாய்வு நீங்காவிடில் பழுது பின்வில்லிலோ சட்டத்திலோ உள்ளது. இச்சோதனையின்போது எவரும் வண்டிக்கடியில் இருத்தல் கூடாது. ஜோடி மாடுகளில் ஒன்று நொண்டினால் அதன் காலைப் பாராமல் நுகத்தடிக்குக் கீழே துணிச்சுருள் வைப்பாரில்லை. ஆனால் வண்டி சாய்ந்தால் உடனே தாழ்ந்த பக்கத்தில் ஒரு பட்டையைச் செருகச் சொல்வோர் பலர்.

முன்வில்லில்தான் பழுது என்று தெளிந்தபின், சட்டத்தைக் குதிரைத் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்தியே வேலை தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியும், செங்கல்லை அடுக்கியும் அடியிற் புகுவது உயிருக்கு ஊறு விளைக்கும். புஷ் தேய்ந்துள்ளதா, ஷேக்கிள் துருவேறி இறுகியுள்ளதா, பட்டையில் வெடிப்பு உண்டா, சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் புதிய புஷ்ஷும், பட்டைகளைப் பிரித்துத் துரு நீக்கி மசகிட்டுப் பூட்டுவதுமே போதுமானதாகிவிடும்.

பட்டை வளைவிழந்திருந்தால் இரண்டு வழிகள் உள. ஒன்று, காய்ச்சாமல் அழுத்து இயந்திரத்தில் வளைவு ஏற்றுதல். இது சில காலம் தாங்கும். மற்றொன்று புதிய பட்டை இடுதல். உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்து அப்படியே ஆறவிடும் பட்டறைக்குச் செல்லற்க. அரிவாளைப் பற்றி மேலே கூறியது இங்குப் பொருந்தும். எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தும் வசதியில்லாத இடத்தில் காய்ச்சிய பட்டை, விரைவில் தணியும் அல்லது ஒடியும். தோலின் பதம் அறிந்த ஊராருக்கு எஃகின் பதத்தையும் விளக்குதல் எளிதே. எவ்வழியாயினும் இருபக்கமும் சேர்த்தே செய்தல் வேண்டும். ஒருபக்கம் புதியதும் மறுபக்கம் பழையதும் இருப்பின், சில மாதங்களில் வண்டி எதிர்ப்பக்கம் சாயும். சில வண்டிகளில் வலப்பட்டையும் இடப்பட்டையும் வெவ்வேறு. பாகப் பட்டியலைப் பார்த்தே வாங்குக.

பட்டைக்கு மாறாக முறுக்குக்கம்பி உள்ள வண்டிகளில், சரிசெய்யும் போல்ட்டைத் திருகியே உயரம் ஏற்றலாம். சக்கரம் தொங்கும் நிலையில், எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டு சிறிது சிறிதாகத் திருகுக. இழந்த உயரத்தை மீட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்போர் ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளைப் பாரத்தோடு இறங்கிப் பார்த்தவராயின் அறிவர். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாயும். தளர்ந்த பக்கத்துப் பட்டை அடிதட்டி, ஸ்டியரிங்கை வெட்டி இழுக்கும். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டை அடுத்த செம்பரைப் பாதையில், கோயிலுக்குச் சென்ற மக்களை ஏற்றிய சரக்கு வண்டி கவிழ்ந்து பலர் உயிரிழந்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. பட்டை எவ்வளவு நன்றாயிருப்பினும் பிக்கப் வண்டி ஆளேற்றும் வண்டியன்று. திருவிழாக் காலங்களில் ஊராட்சி உறுப்பினர்களே இதைத் தடுத்தல் வேண்டும்.

பழுதுச் செலவுக்கு ஒப்புதல் தருமுன் பதிவுச் சான்றையும் பார்த்துக்கொள்க. எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி, பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு முடிவுறுகிறது. ஊராட்சியின் வண்டிகளும் இதில் அடங்கும். அவ்வெல்லையை நெருங்கிய வண்டிக்குப் புதிய பட்டை வாங்குவது ஊர்ப்பணத்திற்கு நட்டமே.

பூட்டும்போது யூ போல்ட்டுகளைப் புதியனவாக இடுக. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்று பாரம் இறங்கியபின்னரே முழுவதும் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும். பிறகு சக்கர நேர்மையைச் சரிபார்த்து, முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தி அமைக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, முன்னர் எழுதிவைத்த அளவுகளோடு புதிய அளவுகளையும் வண்டிப் பதிவேட்டில் குறித்து வைக்குமாறு ஓட்டுநரிடம் கூறுக.