மருமகனுக்கு, ரெண்டர் போடும் முன்

கல்யாண வீடியோ தொழிலுக்கு வந்திருக்கிறாய், மருமகனே. வெட்டவும் ஒட்டவும் சீக்கிரமே பழகிவிட்டாய். அதில் எனக்குக் கவலை இல்லை. எடிட் முடிந்த படத்தை போனுக்கும் யூடியூபுக்கும் ஏற்றபடி வெளியே எடுக்கிற ரெண்டர் என்னும் கடைசி வேலையைத்தான் நீ லேசாக எண்ணுகிறாய். அதைப் பற்றி என் மனசில் இருப்பதை எழுதுகிறேன்.

1. பார்க்கப்போவது யார் என்று முதலில் கேள். நம் சங்கரன்கோவிலில் நடந்த கல்யாணத்தை, லீவு கிடைக்காத அண்ணன் துபாயில் போனில் பார்ப்பான். கிராமத்து ஆச்சி பழைய டிவியில் பென் டிரைவ் செருகிப் பார்ப்பாள். இருவருக்கும் ஓடுவது எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி, எம்பி4 கோப்பு. எச்.264 வந்தது 2003-இல். அதன்பின் 2013-இல் எச்இவிசியும் 2018-இல் ஏவி1-உம் வந்தன. இன்னும் சின்னக் கோப்பில் அதே தெளிவைத் தருபவை. புதுசைக் கற்றுக்கொள். கொடுக்கும்போது அவர்கள் வீட்டில் ஓடுவதைக் கொடு.

2. பிரீசெட்டை மட்டும் நம்பாதே. படத்தைப் பார்த்து, விநாடிக்கு எத்தனை பிட் என்கிற பிட்ரேட்டை வை. படத்தைச் சுருக்குகிற கோடெக் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தின ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறது. மணவறையில் பொண்ணும் மாப்பிள்ளையும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு வேலை குறைவு. ஆனால் நம் ஊர் அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவை நினைத்துப் பார். தபசு மண்டபத்துக்கு முன்னே சனம் அலைமோதும். தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் நெல்லையும் விவசாயிகள் சூறை விடுவார்கள். அந்த நேரத்தில் திரையில் மாறாத இடமே கிடையாது. பிட்ரேட் போதாவிட்டால் பறக்கிற பருத்தி கட்டம் கட்டமாக உடையும். கூட்டத்தில் முகங்கள் கரைந்துபோகும். வருஷமெல்லாம் உழைத்தவன் அம்மனுக்குக் கொடுக்கும் விளைச்சல் அது. அது கட்டங்களாகத் தெரிந்தால் நாம் எதைப் படம் பிடித்தோம்? கற்பூரப் புகை, அட்சதை விழும் நொடி, ஜரிகைப் பட்டின் மினுமினுப்பு எல்லாமே இப்படிப்பட்டவைதான். ஆகவே இருப்பதிலேயே கடினமான இருபது விநாடியை எடுத்து, அதை மட்டும் முதலில் ரெண்டர் போட்டுப் பார். யூடியூபுக்கு ஏற்ற, 1080 அளவில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 8 மெகாபிட், 50 ஃபிரேம் என்றால் 12 மெகாபிட் வை என்பது அவர்களே சொல்லும் கணக்கு. கோப்பின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டிய இடத்தில் 'டூ பாஸ்' போடு. முதல் சுற்றில் படம் முழுவதையும் அளந்துகொண்டு, இரண்டாம் சுற்றில் தேவையான இடத்துக்கு அள்ளிக்கொடுக்கும். நேரம் கூடும்தான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது.

3. கோப்பின் அளவை முன்கூட்டியே கணக்குப் போடு. 8 மெகாபிட் என்றால் விநாடிக்கு ஒரு மெகாபைட். மூன்று மணி நேரக் கல்யாணம் கிட்டத்தட்ட 11 ஜிபி. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. இது தெரியாமல் ஒரு ஸ்டுடியோக்காரர் பாதியில் நின்ற படத்தைக் கொடுத்தனுப்ப, பொண்ணின் அப்பா வெயிலில் மறுபடி பஸ் ஏறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கோபப்படக்கூட இல்லை. 'தாலி கட்டுறது மட்டும் இருந்தாப் போதும் தம்பி' என்றார். பெரிய கோப்பைச் சடங்கு வாரியாகப் பிரித்துக் கொடு.

4. எந்த ஃபிரேம் ரேட்டில் எடுத்தாயோ அதிலேயே வெளியே எடு. 25-ஐ 30 ஆக்கினால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். மாப்பிள்ளை அழைப்பில் நடந்துவருகிறவர்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பழைய மினிடிவி (MiniDV) கேசட்டைக் கொண்டுவருவார்கள். அது 720-க்கு 576 அளவு, இன்டர்லேஸ் படம். டீஇன்டர்லேஸ் செய்யாவிட்டால் அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதை ஊதிப் பெரிதாக்கி எச்டி என்று சொல்லிக் காசு வாங்காதே. உள்ளது எவ்வளவோ அதைச் சுத்தமாகக் கொடு.

5. ஒலியையும் கவனி. 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவுக்கு 384 கிலோபிட் போதும். கெட்டிமேளத்தில் தவில் உச்சத்துக்குப் போய் உடையாமல் முன்பே அளவைக் குறைத்து வை.

6. யூடியூப் உன் கோப்பை எப்படியும் மறுபடி சுருக்கும். அதனால் நீயே கசக்கிப் பிழிந்து ஏற்றாதே. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தெளிவு போகும். டாக்குமென்ட்டாக அனுப்பு, 2 ஜிபி வரை போகும். சொந்த இணையதளத்தில் வைப்பதென்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்பதை டிக் செய். கோப்பின் அட்டவணை முன்னால் வந்துவிடும். முழுவதும் இறங்கும்வரை காத்திராமல் படம் ஓடத் தொடங்கும்.

7. ரெண்டர் ஆனதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்காமல் கையில் கொடுக்காதே. தூக்கம் வந்தால் தூங்கி எழுந்து பார். பிறகு போனிலும் டிவியிலும் ஒருமுறை ஓட்டு.

8. சுருக்கிய கோப்பிலிருந்து இழந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் புரோரெஸ் மாதிரி கனமான கோடெக்கில் ஒரு மூலப்பிரதி எடு. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டிலும் வை. ஃபைனல், ஃபைனல் 2 என்று பேர் வைக்காதே. வருஷம், ஊர், வீட்டுக்காரர் பேர் எழுது. அந்த வீட்டுப் பேரப்பிள்ளை கேட்டு வரும்போது தேடித்தர நீயோ நானோ கடையில் இருப்போமோ என்னவோ.