தீயணைப்பு வீரரின் முதல் வினா



அபாயச் சங்கை ஒலித்துக்கொண்டு செந்நிற வண்டியொன்று சாலையில் விரையும்போது நாம் அனைவரும் நின்று திரும்பிப் பார்க்கிறோம். "பொம்பா போகிறது" என்று சிறு குழந்தையும் சொல்லும். பொம்பா என்னும் மலாய்ச் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்ததாகும். அம்மொழியில் நீரிறைக்கும் பொறி என்பது அதன் பொருள். அதனாலேயே, தீயணைப்பு வீரர் என்றால் நீர் பாய்ச்சுபவர் என்று மட்டும் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம்.

ஆனால், எரிகின்ற வீட்டின்முன் வண்டி வந்து நின்றவுடன் படைத்தலைவர் அங்கே நிற்போரிடம் ஒரு வினாவை எழுப்புவார். "உள்ளே எவரேனும் இருக்கிறார்களா?" என்பதே அவ்வினா. அதற்குக் கிடைக்கும் விடையை ஒட்டியே அடுத்த நிமிடங்களில் அவர்கள் செய்யும் பல காரியங்கள் அமைகின்றன. அவ்வினா ஏன் அத்துணை இன்றியமையாதது? அதற்குச் சரியான விடை கூற நாம் எவ்வாறு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தீயின் இயல்பு

தீ எரிவதற்கு மூன்று பொருள்கள் தேவை. அவை எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு என்பனவாகும். இம்மூன்றுள் ஒன்றை நீக்கினால் தீ அணைந்துவிடும். எண்ணெய்ச் சட்டியில் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிடுவது காற்றைத் தடுப்பதற்காகும். அதில் நீர் ஊற்றுதல் கூடாது. ஊற்றினால் கொதிக்கும் எண்ணெய் தீயோடு சேர்ந்து நாலாபுறமும் சிதறும். மரமும் துணியும் எரியும்போது நீர் பாய்ச்சுவது வெப்பத்தை நீக்குவதற்காகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாகப் பெருகுகிறது. அவ்வாறு மாறும்போது அது பெருமளவு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

தீயைக் காட்டிலும் கொடியது புகை. ரப்பர்த் தாள்களைப் புகையிட்டு உலர்த்திய புகைக்கூடங்களை நம் தாத்தா பாட்டிமார் நன்கு அறிவர். அங்கே புகை முதலில் கூரைக்கு எழும். பின்னர் மேலிருந்து கீழாக நிறையும். எரியும் வீட்டிலும் அவ்வாறே நிகழ்கிறது. அப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உறங்குகின்றவரை அது எழுப்பாமலே மயக்கத்தில் ஆழ்த்திவிடும். தீவிபத்துகளில் தழல் சுடுவதற்கு முன்பே புகையினால் இறப்போர் பலர்.

இக்காலத்து வீடுகளில் ரப்பர் நுரை மெத்தைகளும் பிளாஸ்டிக் பொருள்களும் மிகுந்துள்ளன. அவை விரைந்து எரிந்து கரும்புகையைக் கக்கும். கூரையடியில் தேங்கும் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அவ்வறையிலுள்ள பொருள்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். தீ தொடங்கிய சில நிமிடங்களிலேயே இந்நிலை ஏற்படக்கூடும். அதன்பின் அவ்வறையில் எவரும் உயிர்பிழைத்தல் அரிது. ஆகவேதான் படைத்தலைவர் முதலில் மனிதரைப்பற்றிக் கேட்கிறார்.

படையின் வரலாறு

நம் நாட்டில் 1883ஆம் ஆண்டில் சிலாங்கூர் தொண்டர் தீயணைப்புப் படை தோன்றியது. 1976ஆம் ஆண்டில் தீயணைப்புப் பணி மத்திய அரசாங்கத்தின் துறையாயிற்று. 1997ஆம் ஆண்டில் அதன் பெயர் தீயணைப்பு மீட்புத் துறை என மாற்றப்பட்டது. தீயை அணைப்பதோடு, சாலை விபத்தில் நசுங்கிய வண்டிக்குள் சிக்கியவரையும், வெள்ளத்தில் அகப்பட்டவரையும், இடிபாடுகளில் புதையுண்டவரையும் மீட்பது அப்படையின் கடமை. உயிர்காக்கும் அப்பணி பெயரிலேயே விளங்குகிறது.

பயிற்சியும் நாளும்

தீயணைப்பு வீரராக விரும்பும் இளைஞர்கள் கோலகுபு பாருவில் உள்ளது போன்ற பயிற்சிக் கழகங்களில் பயில்கின்றனர். பெண்களும் இப்பணியில் உள்ளனர். ஓடுதல், ஏணி ஏறுதல், நீர்க்குழாய்களை விரித்து இணைத்தல், கயிற்று முடிச்சிடுதல், மயங்கியவரைத் தூக்கி வருதல், முதலுதவி செய்தல் முதலியவற்றை அவர்கள் மீண்டும் மீண்டும் பழகுகின்றனர். கண்ணை மறைத்துக்கொண்டு இருண்ட அறைக்குள் தவழ்ந்து வழி காண்பதும் அப்பயிற்சியில் அடங்கும். சித்திரமும் கைப்பழக்கம் என்பர் நம் முன்னோர். ஆபத்து வேளையில் அஞ்சி நிற்காமல் கைகள் தாமே வேலை செய்யவேண்டும் என்பதற்காகவே இத்துணைப் பழக்கம்.

தீயணைப்பு நிலையத்தில் ஒவ்வொரு முறைமாற்றமும் பெயர் அழைப்புடன் தொடங்கும். அடுத்து, வண்டியையும் நீர்ப்பொறியையும் சோதிப்பர். ஏணியையும் குழாய்களையும் எண்ணிச் சரிபார்ப்பர். மூச்சுக் கருவிகளில் காற்று நிறைந்துள்ளதா என்று பார்ப்பர். பின்னர் உடற்பயிற்சியும் ஒத்திகையும் நடைபெறும். உண்ணும் வேளையாயினும் உறங்கும் வேளையாயினும் மணி ஒலித்தவுடன் அனைத்தையும் விட்டெழுந்து, கவச உடை அணிந்து, வண்டியில் ஏறிவிடுவர். பெருநாளன்றும் தீபாவளியன்றும் நாம் குடும்பத்தோடு மகிழ்ந்திருக்கும்போது, அவர்களுள் ஒரு பகுதியினர் நிலையத்தில் காத்திருக்கின்றனர்.

புகைக்குள் தேடும் முறை

"உள்ளே ஆள் இருக்கிறது" என்று விடை கிடைத்துவிட்டால் வீரர்கள் உட்புகுவர். அவர்கள் முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு, அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றே அதில் உள்ளது. பெரும்பாலும் பயன்படும் உருளையில் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று இருக்கும். கடினமாக உழைக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 40 லிட்டரோ அதற்கு மேலோ சுவாசிப்பார். 2,000ஐ 40ஆல் வகுத்துப் பாருங்கள். 50 நிமிடங்கள் என விடை வரும். ஆயினும், வெப்பத்திலும் பளுவிலும் மூச்சு மிகுவதால் காற்று அதற்கு முன்பே குறைந்துவிடும். வெளியே திரும்பி வருவதற்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ஆகவே, உள்ளே கிடைக்கும் நேரம் மிகச் சிறிது.

வாசலில் ஒரு வீரர் பலகையுடன் நிற்பார். உள்ளே செல்வோரின் பெயர், சென்ற நேரம், உருளையின் காற்றழுத்தம் ஆகியவற்றை அவர் குறித்துக்கொள்வார். எவர் எப்போது திரும்ப வேண்டும் என்று கணக்கிடுவது அவர் கடமை. உட்செல்வோர் எவரும் தனியே செல்வதில்லை. இருவராகச் சென்று இருவராகவே திரும்புவர். காற்றுக் குறைந்தால் கருவி தானே ஊதலொலி எழுப்பும். அதற்கு முன்பே வெளியேறுவதுதான் நல்ல வீரருக்கு அழகு.

புகைக்குள் தம் கையே தமக்குத் தெரியாது. ஆகவே, ஒரு பக்கச் சுவரை விடாமல் தொட்டுக்கொண்டு தவழ்ந்து செல்வர். அச்சுவரைப் பின்பற்றியோ, நீர்க்குழாயைத் தடவிக்கொண்டோ வாசலுக்குத் திரும்புவர். முன்னே தடவிப் பார்ப்பதற்குப் புறங்கையைப் பயன்படுத்துவர். உள்ளங்கை மின்கம்பியைத் தொட்டால் விரல்கள் இறுகி அதனைப் பற்றிக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். கட்டிலின் அடியிலும் அலமாரியின் உள்ளேயும் அவர்கள் தவறாது தேடுவர். ஏனெனில், அச்சமுற்ற குழந்தைகள் அங்கேதான் ஒளிந்துகொள்வார்கள். மாணவர்களே, தீயிலிருந்து ஒளிய இயலாது, வெளியேறுவதே வழி.

தவறான விடையின் விளைவு

ஒரு லயத்து வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை, தாய், பாட்டி, மூன்று பிள்ளைகள் என அங்கே 6 பேர். நள்ளிரவில் சாமி மேடை விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றுகிறது. தந்தை பாட்டியைத் தாங்கிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியேறுகிறார். தாய் கைக்குழந்தையுடன் பின்வாசல் வழியே ஓடுகிறாள். மூத்தவன் உதவி கேட்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகிறான். நடுப்பெண் அஞ்சி நடுங்கி அடுத்த லயத்து அத்தை வீட்டுக்குள் போய்விடுகிறாள். தீயணைப்பு வண்டி வருகிறது. "என் மகளைக் காணோமே!" என்று தாய் கதறுகிறாள்.

இரு வீரர்கள் உள்ளே தவழ்ந்து செல்கின்றனர். மேலே கூரைச் சட்டங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன. அங்கே இல்லாத ஒரு குழந்தையை அவர்கள் அறை அறையாகத் தேடுகின்றனர். அவ்வீரர்களுக்கும் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டன்றோ!

இதற்கு மாறாகவும் நிகழலாம். குழந்தை தாயிடம் இருப்பதாகத் தந்தையும், தந்தையிடம் இருப்பதாகத் தாயும் எண்ணிக்கொண்டு, "அனைவரும் வந்துவிட்டோம்" என்று கூறிவிட்டால் என்னாவது? இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே. வெளியேறியபின் எங்கே கூடுவது என்று அக்குடும்பத்தார் முன்னரே பேசி வைக்கவில்லை.

மீட்க வருபவரின் உயிரும் விலைமதிப்பற்றது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், பூச்சோங் அருகே கைவிடப்பட்ட ஈயக்குட்டையில் விழுந்த ஓர் இளைஞரைத் தேடச் சென்ற தீயணைப்பு மீட்புத் துறையின் நீர்மீட்புப் படையினர் 6 பேர், நீரின் வேகத்தில் சிக்கி உயிர்நீத்தனர். ஒருவரைக் காணவில்லை என்று நாம் சொல்லும் சொல்லுக்கு அவர்கள் தம் உயிரைப் பணயம் வைக்கின்றனர். ஆதலால், நாம் கூறும் விடை உண்மையான விடையாக இருத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வெளியேற இரண்டு வழிகளை அறிந்திருத்தல்: ஒரு வழி தீயால் அடைபட்டால் மற்றொரு வழி வேண்டும். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி தீக்கிரையானபோது 23 பேர் மாண்டனர். சன்னல்களில் பொருத்தியிருந்த இரும்புக் கம்பிகள் அவர்கள் தப்பும் வழியை மறித்தன. நம் வீடுகளிலும் இரும்புக் கதவுகள் உள்ளன. அவற்றின் சாவியைக் கதவருகே, வெளியிலிருப்போர் கைக்கு எட்டாத ஆனால் வீட்டார் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் மாட்டி வைத்தல் வேண்டும்.

2. புகையில் தவழ்ந்து செல்லுதல்: தரையோரத்தில் காற்றுச் சற்றுத் தெளிவாக இருக்கும். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால் திறவாமல் வேறு வழியை நாடுங்கள். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தால் தீயும் புகையும் பரவுவது தாமதப்படும்.

3. ஒன்றுகூடும் இடத்தை முடிவு செய்தல்: மாமரத்தடியாகவோ கோயில் வாசலாகவோ இருக்கலாம். வண்டி வரும் வழியில் இருத்தல் கூடாது. வீட்டார் அனைவரும் அங்கே வந்தபின் ஒருவர் தலைகளை எண்ண வேண்டும். அன்றிரவு விருந்தினர் தங்கியிருந்தால் அவர்களையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

4. 999 என்னும் எண்ணை அழைத்தல்: வெளியே வந்தபின் உடனே அழையுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில், வரவேண்டிய சாலை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். செம்பனைக் காட்டுப் பாதைகள் இரவில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, பெரியவர் ஒருவர் கைவிளக்குடன் முச்சந்தியில் நிற்பது நலம். தோட்டத்து நுழைவாயிலின் தடைக்கதவையும் திறந்து வைக்கவேண்டும். வண்டியிலுள்ள நீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடக்கூடும். பக்கத்தில் குளமோ ஆறோ இருப்பின் வீரர்களுக்குக் காட்டுங்கள்.

5. திரும்பிச் செல்லாமை: அடையாளக் கார்டு, நகை, பள்ளிப்பை, வளர்த்த பூனை ஆகிய எதற்காகவும் எரியும் வீட்டுக்குள் மீண்டும் நுழைதல் கூடாது. எவரேனும் உள்ளே சிக்கியிருந்தால், அவர் எந்த அறையில் உறங்கினார் என்பதை வீரர்களிடம் சொல்லுங்கள். அதுவே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

முடிவுரை

தீயணைப்பு நிலையம் நகரத்தில் உள்ளது. நம் தோட்டமோ தொலைவில் உள்ளது. வண்டி எத்துணை விரைந்து வந்தாலும், அது வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் நம் பொறுப்பில் இருப்பவை. அந்நிமிடங்களில் நாம் ஒழுங்காக வெளியேறி, ஓரிடத்தில் கூடி, எண்ணி முடித்திருப்போமாயின், படைத்தலைவரின் முதல் வினாவுக்கு, "அனைவரும் இங்கே இருக்கிறோம்" என்று கூற இயலும். அவ்விடையைக் கேட்கும் வீரர்கள் வெளியே நின்றே தீயுடன் போராடுவர். வீடு எரிந்தாலும் மீண்டும் கட்டலாம். உயிர் போனால் வராது.

மாணவச் செல்வங்களே! இன்றிரவு உணவருந்தும்போது இப்பாடத்தை வீட்டாரிடம் சொல்லுங்கள். கூடும் இடத்தை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், தத்தித் தத்தி நடக்கும் தம்பிக்கும் அவ்விடத்தைக் கைபிடித்து அழைத்துச் சென்று காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. எரியும் எண்ணெயில் நீர் ஊற்றக்கூடாது; ஏன்?
2. தீயணைப்பு வீரர் புறங்கையால் தடவிப் பார்ப்பதன் காரணம் யாது?
3. ஓர் உருளையில் 1,800 லிட்டர் காற்று உள்ளது. வீரர் நிமிடத்திற்கு 60 லிட்டர் சுவாசித்தால் அது எத்தனை நிமிடங்களில் தீரும்? 10 நிமிடக் காற்றைத் திரும்பி வருவதற்கு ஒதுக்கினால் தேடுவதற்கு எஞ்சுவது எவ்வளவு?
4. உங்கள் வீட்டின் படத்தை வரைந்து, வெளியேறும் இரண்டு வழிகளையும் ஒன்றுகூடும் இடத்தையும் குறித்துக் காட்டுக.